ஓணாங்காட்டின் மூன்று கூவல்கள்

காசு என்ற ஒன்று மலையேறி வராத காலத்தில் கல்மலைச் சீமை என்று ஒரு சீமை இருந்தது. அங்கே எல்லா விலையும் ஆட்டுக்கணக்குதான். ஒரு மூட்டை உப்பு அரை ஆடு. அரை ஆட்டை எப்படிக் கொடுப்பார்கள் என்று என்னை மடக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூட்டையாக வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சீமையை ஆண்டவன் குன்றவேள். பெரிய அரசன் இல்லை. யானை ஒன்றே ஒன்றுதான், அதற்கும் வயதாகிவிட்டது. ஆனால் ஒரு வழக்கு என்று வந்தால் உட்கார்ந்து முழுசாகக் கேட்பான். பாதியில் எழுந்துபோக மாட்டான்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுக் கதைக்கு வருகிறேன். நிலம் கைமாறுகிறது என்றால் ஓலை கிடையாது, எழுத்து கிடையாது. நிலத்துக்காரன் எல்லைக்கல் மேல் ஏறி நிற்க வேண்டும். நிலத்தில் என்னென்ன உண்டோ அத்தனையையும் தொண்டை கிழியக் கூவ வேண்டும். தலையாரி அதைத் திருப்பிக் கூவுவான். ஊர் கேட்கும். கூவியது கைமாறும், கூவாதது கைமாறாது.

இன்னொன்றும் உண்டு. கூவியதை வைத்துத்தான் அரசனுக்குப் பங்கு. கிணறு என்று கூவினால் வருஷத்துக்கு ஒரு ஆடு. குழி என்று கூவினால் ஒன்றும் கிடையாது. இது போதாதா? சீமையில் பாதிப் பணக்காரர்கள் கிணற்றைக் குழி என்றுதான் கூவிக்கொண்டு திரிந்தார்கள். வேளாவேளைக்கு ஏற்றம் போட்டுத் தண்ணீர் இறைப்பார்கள், கேட்டால் குழி என்பார்கள்.

அப்படிக் கூவுவதில் மகா கெட்டிக்காரர் வயிரவப் பண்ணையார். மலையடிவாரத்தில் பாதி அவருடையது. அதில் ஒரு துண்டு ஓணாங்காடு. பெயரே சொல்கிறது பாருங்கள். கல்லும் முள்ளும் ஓணானும் தவிர அங்கே வேறு எதுவும் குடியிருந்ததில்லை.

அந்த ஊர்வழியாகச் சோணை என்கிற இடையனும் அவன் மனைவி வீராயியும் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். கிடை போடுகிறவர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ராத்திரிக்கு ஆடுகளை ஒருவர் வயலில் அடைத்துவைத்தால், புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்குக் கூலியாக நெல்லோ கம்போ கிடைக்கும். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். ஊரார் வயலையெல்லாம் விளையவைத்தார்கள். நட்டுவைக்கச் சொந்தமாக ஒரு சாண் மண் அவர்களுக்கு இல்லை.

வீராயிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வழியிலேயே போய்விட்டன. ஒன்று மழையில், ஒன்று காய்ச்சலில். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது வீராயி புருஷனிடம் சொன்னாள்: "இதையாவது ஒரு கூரைக்குக் கீழே வளர்க்கணும். கல்லுக்காடா இருந்தாலும் சரி, நமக்குன்னு ஒரு இடம் வேணும்."

சோணை போய்ப் பண்ணையாரைக் கேட்டான். பண்ணையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓணாங்காட்டை வாங்க ஒரு ஆள் வந்திருக்கிறானே!

"அறுபது ஆடு" என்றார்.

அந்தக் காட்டுக்கு அது ரொம்ப அதிகம். ஆனால் சோணை பேரம் பேசத் தெரியாதவன். பேச்சு முடிந்தது. இப்போது இருபது ஆடு அச்சாரம், இரண்டு வருஷம் கழித்து இருபது, நாலு வருஷம் கழித்து இருபது. கடைசி ஆட்டை வாங்கிக்கொண்டு பண்ணையார் ஒரு பிடி மண்ணை எடுத்து வீராயி கையில் வைத்தால் விற்பனை முடிந்தது. அதுவரை நிலத்தில் இறங்கி உழைத்துக்கொள்ளலாம்.

பண்ணையார் எல்லைக்கல் மேல் ஏறினார். "கல் உண்டு! முள் உண்டு! ஓணான் உண்டு!" என்று கூவினார். தலையாரி திருப்பிக் கூவினான். ஊர் சிரித்தது. வீராயியும் சிரித்தாள். இடுப்பில் பிள்ளையோடு நிலத்துக்குள் இறங்கிவிட்டாள்.

முதல் வருஷம் கல் பொறுக்கினார்கள். விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை கல், கல், கல்தான். பொறுக்கிய கல்லை வீணாக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே கரையாக அடுக்கினார்கள். மழை பெய்தால் மண் ஓடிப்போகாமல் நின்றது. பண்ணையார் குதிரையில் அந்தப் பக்கம் வந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பார்த்தார். "நல்லாச் செய் வீராயி, உன் நிலம்தானே" என்றார்.

இரண்டாம் வருஷம் வண்டல் சுமந்தார்கள். வற்றிய ஏரியிலிருந்து கூடை கூடையாகக் கறுப்பு மண். தலையில் முடி கொட்டிப் போனது வீராயிக்கு, அவ்வளவு கூடை. அதன் மேல் கிடை போட்டு ஆடுகளை அடைத்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர்கள் ஆட்டுப் புழுக்கை அவர்கள் காட்டிலேயே விழுந்தது. பண்ணையார் வந்தார், பார்த்தார். "நல்லாச் செய் வீராயி, உன் நிலம்தானே" என்றார்.

மூன்றாம் வருஷம் கிணறு தோண்டினார்கள். பாறை. கடப்பாரை மழுங்கிவிடும், கொல்லனிடம் ஓடுவார்கள், மறுபடி குத்துவார்கள். ஊரே சொன்னது, அங்கே தண்ணீர் இல்லை என்று. சோணைக்கு உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது. பண்ணையார் வந்தார், குழிக்குள் எட்டிப் பார்த்தார், சிரித்தார். "நல்லாச் செய் வீராயி, உன் நிலம்தானே" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் பாறைக்குப் பக்கத்தில் ஈரம் தெரிந்தது. ஈரம் கசிவானது. கசிவு ஊற்றானது. சோணை மேலே வருவதற்குள் முழங்கால்வரை தண்ணீர் வந்துவிட்டது. வீராயி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது. குழந்தையைத் தூக்கி அதன் தலையில் இரண்டு கை ஊற்றினாள். அழுதாள் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. வழியில் விட்டுவிட்டு வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு கிணற்று வாயைச் சுற்றிக் கல் கட்டினார்கள். கரையோரம் எலுமிச்சை வைத்தார்கள். ஒரு வெள்ளாமை கம்பு எடுத்தார்கள். ஓணாங்காடு பச்சைப்பசேல் என்று ஆனது. ஓணான்களே முகம் சுளித்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன.

இங்கேதான் வந்தது வினை.

தாண்டவர் என்று ஒரு கம்பளி வியாபாரி. பெரிய மந்தைக்காரர். கோடைக்குத் தண்ணீருள்ள இடம் தேடி அலைந்துகொண்டிருந்தவர் ஓணாங்காட்டைப் பார்த்தார். நேரே பண்ணையார் வீட்டுக்குப் போனார். "அந்த நிலத்தைக் கொடும். இருநூறு ஆடு தருகிறேன்" என்றார்.

இருநூறு. பண்ணையாருக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது.

மறுநாள் சோணை கடைசி இருபது ஆட்டை ஓட்டிக்கொண்டு பண்ணையார் வாசலில் நின்றான். கூடவே வீராயி, பிடி மண் வாங்கப் புதுச் சேலை கட்டிக்கொண்டு.

பண்ணையார் ஆட்டைத் தொடவில்லை. "எனக்குச் சம்மதமில்லை. விற்பனை கிடையாது" என்றார். "வாங்கின நாற்பது ஆட்டைத் திருப்பித் தந்துடுறேன். ஓட்டிக்கிட்டுப் போங்க. நாளைக்குள்ள காட்டைக் காலி பண்ணணும்."

வீராயிதான் பேசினாள்.

"எங்க உழைப்பு ஐயா? கரை, வண்டல், கிணறு?"

"யாரு செய்யச் சொன்னது?"

"நீங்கதானே மூணு வருஷமும் வந்து நின்னு நல்லாச் செய்னு சொன்னீங்க."

"சொன்னேன். செய்தே. நல்லாத்தான் செய்திருக்கே" என்று பண்ணையார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷன்.

வீராயி காட்டுக்குத் திரும்பவில்லை. புதுச் சேலையோடு, பிள்ளையோடு, நேராக அரசன் வாசலுக்குப் போனாள். குன்றவேள் முழுசாகக் கேட்டான். "நிலத்து வழக்கை நிலத்தில்தான் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஓணாங்காட்டில் ஊர் கூடிவிட்டது. தாண்டவரும் தம் இருநூறு ஆட்டோடு வந்து நின்றார். பேரம் முடிந்தால் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிடலாம் என்று.

பண்ணையார் கைகட்டி நின்று, பணிவாக, தேன் ஒழுகப் பேசினார். "மகாராஜா, கடைசி இருபது ஆட்டை நான் வாங்கவில்லை. பிடி மண் எடுத்துக் கொடுக்கவில்லை. விற்பனை முடியவில்லை. முடியாத விற்பனையில் நிலம் யாருக்கு?"

அரசன் சொன்னான்: "வழக்கப்படி நிலம் உமக்குத்தான்."

சோணை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊர்ப்பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பண்ணையார் மீசையைத் தடவினார்.

வீராயி மட்டும் உட்காரவில்லை. "சரி மகாராஜா. நிலம் அவருதுதான். நான் கொடுத்துடுறேன்" என்றாள். "எனக்குக் கொடுத்தப்போ கூவிக் கொடுத்தாரு. இப்போ வாங்கிக்கிறப்போ கூவி வாங்கிக்கச் சொல்லுங்க. அவர் எதைக் கூவுறாரோ அதை எடுத்துக்கட்டும். கூவாதது எனக்கு."

அரசன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். "வழக்கம் அதுதான். ஏறும் பண்ணையாரே" என்றான்.

பண்ணையார் எல்லைக்கல் மேல் ஏறினார். ஏறிய பிறகுதான் யோசனை ஓடியது. கிணறு என்று கூவினால் அரசனுக்குப் பங்கு. அதோடு, நான் கொடுக்காத கிணறு என் கைக்கு எப்படி வந்தது என்று கேள்வி வரும். எதற்கு வம்பு? பழைய பாட்டையே பாடுவோம். நிலத்தோடு கிணறு எங்கே போய்விடும்?

"கல் உண்டு! முள் உண்டு! ஓணான் உண்டு!" என்று கூவினார். தலையாரி திருப்பிக் கூவினான்.

"சரி" என்றாள் வீராயி. "கல்லு உங்களுதுதான்." விறுவிறுவென்று கிணற்றடிக்குப் போனாள். வாயைச் சுற்றிக் கட்டியிருந்த கல்லில் ஒன்றைப் பெயர்த்துத் தூக்கிவந்து பண்ணையார் காலடியில் போட்டாள். போய் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். மூன்றாவதைக் கொண்டுவந்தாள். "முழுசையும் கொடுத்துடுறேன் ஐயா. கிணத்துக் கல்லு, கரைக் கல்லு எல்லாம் உங்க கல்லு. கல்லை எடுத்தா மண்ணு சரிஞ்சு கிணறு தூர்ந்துடும், கரை உடைஞ்சு வண்டல் ஓடிடும். அதுக்கு நான் பொறுப்பில்லை. கிணத்தை நீங்க கூவலையே."

தாண்டவர் விருட்டென்று முன்னால் வந்தார். "என்ன ஓய், கிணற்றையே தூர்க்கிறார்களே. கிணறு இல்லாத நிலம் எனக்கெதற்கு?" என்றவர், தம் மேய்ப்பனைப் பார்த்து ஆட்டைத் திருப்பச் சொன்னார்.

பண்ணையாருக்கு முழி பிதுங்கியது. "இருங்க, இருங்க. மறுபடி கூவுறேன்" என்றார்.

இரண்டாம் முறை ஏறினார். கிணறு என்றுதான் கூவ நினைத்தார், சத்தியமாக. ஆனால் நாக்குக்கு ஆயுசு முழுக்கப் பழகிய பழக்கம் இருக்கிறதே! "கல் உண்டு! முள் உண்டு! ஓணான் உண்டு! ஒரு குழி உண்டு!" என்று வந்துவிட்டது. தலையாரி திருப்பிக் கூவினான்.

கூட்டத்தில் எல்லாருக்கும் சிரிப்பு. குன்றவேள் சிரிக்கவில்லை.

"குழியா? உம் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு குழி என்று கூவியிருக்கிறீர். புளியந்தோப்பிலும் ஒரு குழி. அந்தக் குழிகளிலெல்லாம் ஏற்றம் போட்டு இறைக்கிறீராமே?"

பண்ணையார் தலையைச் சொறிந்தார்.

"இந்தக் குழியில் என்ன இருக்கிறது?" என்று அரசன் கேட்டான்.

"அது வந்து... மழைத்தண்ணி, மகாராஜா."

"மழைத்தண்ணீரா?" என்றார் தாண்டவர். "என்னிடம் வற்றாத ஊற்று என்றீரே. மழைத்தண்ணீர்க் குழிக்கு இருநூறு ஆடா? ஏப்பா, ஓட்டு ஆட்டை." மந்தை நிஜமாகவே நகர ஆரம்பித்தது. இருநூறு வால்கள் பண்ணையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயின.

அதைப் பார்க்கப் பண்ணையாருக்குத் தாங்கவில்லை. யாரும் சொல்லாமலே மூன்றாம் முறை எல்லைக்கல் மேல் ஏறினார். மேல்துண்டு நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"கிணறு உண்டு! கோடையிலும் வற்றாத ஊற்று உண்டு! இளநீர் மாதிரித் தண்ணீர் உண்டு! சரிவைத் தாங்கும் கற்கரை உண்டு! கறுப்பு வண்டல் உண்டு! தழைத்த எலுமிச்சை உண்டு!" ஒன்றுவிடாமல் கூவினார். கேட்டுக்கொண்டிருந்த சோணைக்குக் கண் கலங்கியது. அவன் செய்த வேலையை இவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை.

தலையாரி திருப்பிக் கூவினான். மந்தை நின்றது.

குன்றவேள் கேட்டான்: "பண்ணையாரே, வீராயிக்கு நீர் கொடுத்தபோது கூவியது என்ன?"

"கல், முள், ஓணான்."

"இப்போது கூவியதில் மற்றதெல்லாம் எப்படி வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா?"

அரசன் கம்பளி வியாபாரி பக்கம் திரும்பினான்.

"தாண்டவரே, நீர் சொல்லும். கல்லும் முள்ளும் ஓணானும் மட்டும் உள்ள நிலத்துக்கு நீர் என்ன தருவீர்?"

"நான் எதுவுமே தரமாட்டேன் மகாராஜா. அறுபது ஆடு தந்த புண்ணியவாட்டி இந்த அம்மா ஒருத்திதான்."

"மூன்றாவதாகக் கூவிய நிலத்துக்கு?"

"இருநூறு."

"அப்படியென்றால் கல்லுக்கும் முள்ளுக்கும் பண்ணையார் தாமே சொன்ன விலை அறுபது. அது அவருக்கு. மீதி நூற்று நாற்பதும் வீராயி, சோணை இவர்களின் உழைப்பு. அது அவர்களுக்கு. முன்பு வாங்கிய நாற்பது ஆட்டையும் இவர் திருப்பித் தர வேண்டும்" என்றான் அரசன்.

ஊர் ஓ என்று ஆர்ப்பரித்தது. தலையாரி, யாரும் கேட்காமலே, அந்தத் தீர்ப்பையும் தொண்டை கிழியத் திருப்பிக் கூவினான்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வீராயி கையெடுத்துக் கும்பிட்டு, "மகாராஜா, நூத்தி நாப்பதும் எங்களுக்கில்லை" என்றாள்.

எல்லாரும் திகைத்தார்கள். சோணை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"போன வருஷம் அந்த மண்ணுல ஒரு வெள்ளாமை கம்பு எடுத்தோம். நாங்கதான் தின்னோம். நிலம் அவருதுன்னு ஆயிடுச்சுன்னா, விளைச்சல்ல நிலத்துக்காரர் பங்கு, அந்த வாரம், அவருக்குச் சேரணும். கழிச்சுக்கிட்டுக் கொடுங்க."

யாரும் கேட்காத கேள்விக்கு, தனக்கு நஷ்டமான பதிலைத் தானே சொன்னாள் பாருங்கள். ஆயுசு முழுக்கக் கிணற்றைக் குழி என்று சொன்ன மனுஷர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

குன்றவேள் எழுந்து நின்றான். அரசன் நின்றால் ஊரே நிற்க வேண்டும், நின்றது. "வாரத்துக்கு இருபது ஆடு கழிக்கிறேன்" என்றான். பண்ணையார் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "பண்ணையாருக்குச் சேரவேண்டிய அந்த இருபதும், அவர் இத்தனை வருஷம் குழி என்று கூவிய கிணறுகளுக்காக என் பட்டிக்கு வரட்டும்." ஓடிய ரத்தம் திரும்பிவிட்டது.

தாண்டவர் ஆடுகளை எண்ணி விட்டார். நூற்றிருபது ஆடு வீராயி பக்கம் வந்தது. பண்ணையார் பட்டியிலிருந்து நாற்பது வந்தது. வாங்க மறுத்த இருபது ஏற்கெனவே சோணையோடுதான் நின்றது. கிடைக்காரர்கள் இருவரும் தங்கள் மந்தையைப் பார்த்தார்கள். அவர்கள் ஆயுசில் அவ்வளவு ஆடு சொந்தமாக இருந்ததில்லை.

கிளம்புவதற்கு முன் வீராயி பண்ணையார் காலடியில் கிடந்த மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்று வாயில் பழையபடி பதித்தாள். மண்ணை வைத்துக் கெட்டிப்படுத்தினாள். "நல்ல தண்ணி. பத்திரமாப் பார்த்துக்கோங்க" என்று தாண்டவரிடம் சொன்னாள். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். அந்தக் கிணற்றை விட்டுப்போக அவளுக்கு மனசில்லைதான். ஆனாலும் நிமிர்ந்து நடந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னே ஓடிவிட்டது. மலைப்பாதையில் மூன்று ஊர்த் தலைவர்கள் காத்து நின்றார்கள். "அம்மா, எங்க ஊருக்கு வாங்க" என்றார் ஒருவர். "எங்க ஊர்ல மேட்டுநிலம் இருக்கு, பாதி விலை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பேசவே இல்லை. தம் எல்லையில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீராயி அவரிடம்தான் போனாள். மண்ணைக் கையில் வாங்கிய பிறகுதான் விலையே கேட்டாள்.

அப்போது பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்தார். யார் என்கிறீர்கள்? வயிரவப் பண்ணையார்தான். மேல்துண்டு இல்லை, குதிரை இல்லை.

"வீராயி, நில்லும்மா. நரிமேடுன்னு என்கிட்ட இன்னொரு கல்லுக்காடு இருக்கு. நாற்பது ஆடு போதும். இல்லை, முப்பது. நீ வந்து இறங்கு, உன் நிலம்தானே" என்றார்.

வீராயி திரும்பிப் பார்த்தாள். நூற்றெண்பது ஆடு புழுதி கிளப்பிக்கொண்டு பாதை நிறைய வந்துகொண்டிருந்தது.

"ஓரமா நில்லுங்க பண்ணையாரே" என்றாள். "ஆடு மிதிச்சுடும்."

கேட்டவர்களே, இதுதான் நீதி: அடுத்தவர் உழைப்பால் உயர்ந்த நிலத்தை எடுத்துக்கொள்கிறவர், அந்த உயர்வின் விலையை உழைத்தவர் கையில் கொடுத்த பிறகே அதைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டும்.